இறக்கையில் எழுதிய பெயர்

பொன்னுதுரை முன்னறைக்குக் குடிவந்த மூன்றாவது வாரம், ஒரு சனிக்கிழமை மத்தியானம், ருக்மணி அந்தச் சத்தத்தை முதன்முதலாகக் கேட்டாள். கூடத்தில் தையல் மெஷினை நிறுத்திவிட்டு ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். சாத்தியிருந்த கதவுக்குப் பின்னால் உப்புத்தாளால் மரத்தைத் தேய்க்கிற சத்தம். நாலு இழுப்பு, ஒரு ஊதல். மறுபடி நாலு இழுப்பு. அவசரமே இல்லாத வேலை.

மனிதர் விளம்பரப் பலகை எழுதுகிறவர். பண்டார் ஹிலிர் கடைகளுக்குப் பலகை எழுதித் தருவதுதான் பிழைப்பு. ஏதோ பலகையைத் தேய்க்கிறாராக்கும் என்று விட்டுவிட்டாள்.

மலாய் நாட்டுக்கு மெர்டேக்கா, சுதந்திரம், வந்து ஒரு வருஷமாகப் போகிற நேரம். காஜா பேராங்கில் அவளுடைய அப்பா கட்டிய பலகை வீட்டில் அவளும் கணவர் ராஜரத்தினமும் மட்டும்தான் இருந்தார்கள். ராஜரத்தினம் பொதுப்பணி இலாகாவில் கணக்கெழுதுகிற கிராணி. அம்மா போனபிறகு முன்னறை மூன்று வருஷம் பூட்டிக் கிடந்தது. வாடகைக்கு விடுவதாக அவர்கள் யாரிடமும் சொல்லவில்லை. பொன்னுதுரை தானாக வந்து வாசலில் நின்று கேட்டார். நாற்பது வயதிருக்கும், ஒண்டி ஆள். ஒரு தகரப் பெட்டி, துணியில் சுருட்டிய தூரிகைகள், இவ்வளவுதான் சாமான். குடிப்பதில்லை, சத்தம் போடுவதில்லை. பேசும்போது மட்டும் எதிராளியின் முகத்தைப் பார்க்காமல் தோளைப் பார்த்துப் பேசுவார். ருக்மணிக்கு அது ஒன்றுதான் பிடிக்கவில்லை.

அடுத்த வாரம் அவர் கிணற்றடிக்குக் குளிக்கப் போனபோது அறைக்கதவு அரைவாசி திறந்திருந்தது. துடைப்பத்தோடு எட்டிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

மேசைமேல் ஒரு விமானம். இரண்டடிக்குமேல் இறக்கை விரித்து உட்கார்ந்திருந்தது. இன்னும் சாயம் பூசாத, வெளுத்த ஜெலுத்தோங் மரம். உருண்ட மூக்கு, பின்னால் போகப்போக மெலிகிற உடம்பு. பிள்ளைகள் விளையாடுகிற பொம்மை இல்லை அது. விமானி உட்காருகிற இடத்துக்கு, பழைய எக்ஸ்ரே பிலிமைச் சுரண்டிக் கழுவிக் கண்ணாடிக் கூடு செய்து வைத்திருந்தார். சக்கரம் மடங்கிப் போகிற குழிகூட இறக்கைக்கடியில் இருந்தது. சைக்கிள் கம்பியில் சக்கரத்தின் கால்கள்.

அந்த வடிவம் அவளுக்குத் தெரியும். அவளுக்குப் பத்தொன்பது வயதானபோது அதே வடிவம் தலைக்குமேல் தாழப் பறந்து, அப்பா அவளை இழுத்துச் சாக்கடைக் கானுக்குள் தள்ளியிருக்கிறார்.

சாயங்காலம் கேட்டேவிட்டாள்.

"உள்ள என்ன செய்றீங்க?"

"சும்மாம்மா. மரத்துல ஒரு ஆகாயக் கப்பல்."

"ஜப்பான்காரன் கப்பல் மாதிரி இருக்கே."

அவர் அவள் தோளைப் பார்த்தார். "ஆமா. ஹயாபூசா. சண்டைக் கப்பல்."

"எதப் பாத்துச் செய்றீங்க?"

"படத்தப் பாத்து."

அறைக்குள் ஒரு படமும் இல்லை. அவள் நன்றாகப் பார்த்திருந்தாள்.

ருக்மணிக்கு ஒரே அண்ணன். ஜெயபாலன் என்று பெயர். அவனும் பலகை எழுதுகிறவன்தான். ஜப்பான்காரன் காலத்தில், நாற்பத்து மூன்றாம் வருஷம், தெருமுனையில் மசாலைக் கடை வைத்திருந்த உமர் தன் கடைப்பலகையைப் புதிதாக எழுதித் தரச்சொல்லி அவனைக் காலையில் கூப்பிட்டனுப்பினார். ஏணிமேல் நின்று எழுதிக்கொண்டிருந்தவனை ஒரு மிலிட்டரி லோரி வந்து அள்ளிக்கொண்டு போனது. அவ்வளவுதான். சண்டை முடிந்தது, போனவர்களில் பாதிப் பேர் திரும்பினார்கள். ஜெயபாலன் வரவில்லை. உமர் கடைக்கு ஜப்பான் அதிகாரிகள் வந்துபோவது ஊருக்கே தெரியும். பிள்ளையைக் கூப்பிட்டு ஏணியில் ஏற்றிவிட்டு லோரிக்குக் காட்டிக்கொடுத்துவிட்டான் என்று அப்பா சொன்னார். அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்றது. உமர் பிற்பாடு முன்வரிசையில் ஒரு தங்கப்பல் கட்டிக்கொண்டார். "எம்புள்ளய வித்த தங்கம் அது" என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். பிள்ளைக்குக் காரியம் செய்யவும் அவள் விடவில்லை. என்றாவது வருவான் என்றிருந்தாள்.

இந்த வீட்டுக்குள்தான் ஜப்பான் விமானம் ஒன்று உருவாகிக்கொண்டிருந்தது.

ராஜரத்தினம் முதலில் சிரித்தார். "பொழுதுபோக்கும்மா. வெள்ளக்காரனுங்களும்தான் செய்றானுங்க." ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவரே அறைவாசலில் போய் நின்றார். இலாகாவில் பாலங்களின் வரைபடங்களோடு பழகியவர். அளவு என்றால் அவருக்கு ஆர்வம்.

"ஒண்ணுக்கு எத்தன கணக்கு இது?"

"அசல்ல ஓரடி, இதுல முக்கா அங்குலம்."

"அசலோட அளவு எங்க கெடச்சிச்சு?"

பொன்னுதுரை உளியை மேசைமேல் வைத்தார். "ஞாபகத்துல இருக்கு" என்றார்.

திரும்பி வந்த ராஜரத்தினம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இறக்கையோட முன்விளிம்புல ஒரு கோடு போட்டு 'இதுவரைக்கும் மஞ்சள்'னு எழுதி வச்சிருக்கான். ரோட்டுல நின்னு அண்ணாந்து பாத்தவனுக்கு அதெல்லாம் தெரியாது ருக்மணி. பக்கத்துல நின்னவனுக்குத்தான் தெரியும்."

பக்கத்தில் யார் நின்றிருப்பார்கள்? துபாஷி நின்றிருப்பான். ஆள்காட்டி நின்றிருப்பான். முகத்தில் சாக்கை மாட்டிக்கொண்டு, வரிசையில் நிற்கிறவர்களைப் பார்த்துத் தலையாட்டினவர்களைப் பற்றி ருக்மணி கேள்விப்பட்டிருந்தாள். அவர்களும் பிழைத்துக் கிடந்து, இன்றைக்கு நாற்பது வயதில், எங்கேயாவது ஒரு அறையில் வாடகைக்கு இருக்கத்தானே வேண்டும்?

அதன்பிறகு அவள் மெஷினை மிதித்துக்கொண்டே காதை அந்தக் கதவில் வைத்திருந்தாள். உப்புத்தாள் சத்தம் நின்றது. சுண்ணப்பொடியும் ஆளிவிதை எண்ணெயும் குழைத்த மக்கின் வாடை வந்தது, நாலு நாள் கழித்துப் பெயிண்ட் வாடை. அவர் வேலைக்குப் போகும்போது இப்போது கதவைப் பூட்டினார். ஒருநாள் வாசலில் ஒரு லோரி பிரேக் போட்டபோது உள்ளே ஏதோ தகரம் உருண்டு விழுந்தது. வெளியே வந்தவர் முகம் வெளுத்திருந்தது. அவளிடம் கேட்டார்:

"ஒங்களுக்குக் கூடப்பொறந்தவங்க யாரும் இருக்காங்களாம்மா?"

"இல்ல" என்றாள் ருக்மணி. ஏன் அப்படிச் சொன்னோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

பாசார் சந்தையில் இடியப்பம் விற்கிற அஞ்சலைதான் மிச்சத்தைச் சொன்னாள்.

"ஒன் வீட்ல இருக்காரே பெயிண்டரு, சொந்தமா?"

"இல்லியே. வாடகைக்கு வந்தவரு."

"அப்படியா? வர்றதுக்கு முந்தி எங்கிட்ட வந்து விசாரிச்சாரே. ஜெயபாலன்னு பலகை எழுதுறவரு வீடு எது, அவரு தங்கச்சி இன்னும் அங்கதான் இருக்காங்களான்னு. நான்தான் வழி சொன்னேன். சொந்தக்காரருன்னு நெனச்சேன்."

கூடையைத் தூக்கிக்கொண்டு வீடுவரை நடந்தது ருக்மணிக்கு நினைவில்லை. அண்ணன் பெயர் இந்த ஆளுக்கு எப்படித் தெரியும்? தெரிந்தவர், வந்த அன்றே சொல்லாமல் ஏன் மறைத்தார்? 'கூடப்பொறந்தவங்க இருக்காங்களா' என்று தெரியாதவர்போல ஏன் ஆழம் பார்த்தார்? ஒன்றுதான் பொருந்தி வந்தது. அண்ணனைக் காட்டிக்கொடுத்ததில் உமருக்குக் கூட்டாளி ஒருவன் இருந்திருக்கிறான். சண்டை முடிந்து பதின்மூன்று வருஷம் கழித்து, அந்த வீட்டில் யாருக்கு என்ன தெரியும் என்று வேவுபார்க்க வந்திருக்கிறான்.

"போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் மாத்தாகிட்ட சொல்லிடலாம்" என்றார் ராஜரத்தினம். "அவசரகாலச் சட்டம் இன்னும் இருக்கு. சந்தேகம்னா போதும், கூட்டிட்டுப் போயிடுவாங்க."

"மொதல்ல அந்தப் பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு பாக்கணும்" என்றாள் அவள்.

அறையின் இன்னொரு சாவி அம்மாவின் பழைய கொத்தில் இருந்தது. செவ்வாய்க்கிழமை காலை, பொன்னுதுரை சைக்கிளில் பண்டார் ஹிலிருக்குப் போனதும் ருக்மணி கதவைத் திறந்தாள். ராஜரத்தினம் வேலைக்குப் போயிருந்தார். வீட்டில் அவள் மட்டும்தான்.

விமானம் ஏறக்குறைய முடிந்திருந்தது. மேலே கரும்பச்சை, அடியில் சாம்பல், இறக்கையின் முன்விளிம்பில் மஞ்சள் பட்டை. எங்கும் தூரிகைத் தடம் தெரியவில்லை. ஜப்பான் சூரியன் மட்டும் இன்னும் பூசவில்லை. சிவப்பு வரவேண்டிய இடத்தில், இரண்டு இறக்கையிலும் பென்சிலால் வட்டம் போட்டிருந்தது. பக்கத்தில் சிவப்புப் பெயிண்ட் டப்பா மூடி திறக்காமல் இருந்தது.

பெட்டியைத் தேடிக் குனிந்தவளின் கண், இடது இறக்கையின் வட்டத்துக்குள் போனது. வட்டத்துக்குள் மெல்லிய வெள்ளை எழுத்தில் ஒரு பெயர் இருந்தது. ஜெயபாலன்.

பெயரைவிட அந்த எழுத்துதான் அவளைத் தாக்கியது. 'ல'வின் வாலை மேலே தூக்கி ஒரு சுழி சுழித்து விட்டிருந்தது. உலகத்திலேயே அப்படி எழுதுகிற ஆள் ஒருவன்தான். பள்ளிக்கூடத்தில் அதற்காகவே அடிவாங்கியவன்.

கொன்ற ஆள்களின் பெயரை விமானத்தில் எழுதிவைப்பார்களாமே என்று அவள் மூளை ஓடியது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாசலில் சைக்கிள் மணி கேட்டது. மறந்த எதையோ எடுக்கப் பொன்னுதுரை திரும்பி வந்துவிட்டார்.

திறந்த கதவையும் அவளையும் பார்த்தார். கோபப்படவில்லை. முதல் தடவையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தார்.

"எங்கண்ணன் பேரு ஒனக்கு எப்படித் தெரியும்?" மரியாதையெல்லாம் போய்விட்டது. "நீ யாரு? அவன என்ன செஞ்சீங்க ரெண்டு பேரும்?"

"ரெண்டு பேரா?"

"நீயும் உமரும்!"

"உமருன்னு எனக்கு யாரையும் தெரியாதும்மா." அவர் கதவோரமாகவே தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஒங்க அண்ணன எனக்கு லோரியிலதான் தெரியும். அன்னிக்கு எனக்கு முந்தியே ஆறு பேரப் புடிச்சு வச்சிருந்தானுங்க. எல்லாரும் பெயிண்டருங்க. என்னப் பண்டார் ஹிலிர்ல புடிச்சான். கையில தூரிகை இருந்தா போதும், லோரியில ஏத்திடுவான். இந்தப் பக்கம் வரும்போது ஏணியில ஒருத்தன் நின்னு எழுதிக்கிட்டிருந்தான். லோரி நின்னுச்சு."

"யாரு காட்டிக்கொடுத்தது?"

"யாரும் இல்லம்மா. ஏணிதான் காட்டிக்கொடுத்துச்சு. கடைக்குள்ளேருந்து ஒருத்தரு ஓடிவந்தாரு. சாயபு. 'இந்தப் பையன் என் ஆளு, வேலைக்கு நான்தான் கூப்பிட்டேன், விட்டுடுங்க'ன்னு லோரியோட பின்பலகையைப் புடிச்சுக்கிட்டாரு. சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால வாயிலயே குத்துனான். விழுந்தவரு எழுந்திரிச்சு மறுபடி ஓடிவந்தாரு. வாயெல்லாம் ரத்தம். அவரு பேருதான் உமரா?"

தங்கப்பல் ருக்மணியின் கண்முன்னால் வந்து நின்றது.

பொன்னுதுரை சொல்லிக்கொண்டே போனார். குளுவாங் விமானத் திடலில், பழுதுபார்த்த விமானங்களுக்குப் பெயிண்ட் பூசுகிற வேலை. தகரக் கொட்டகையில் படுக்கை. ஜெயபாலனும் அவரும் ஒரே இறக்கையில் எதிரும் புதிருமாக நின்று பூசுவார்கள். சிவப்பு வட்டம் பூசுவதற்கு முன்னால், ஜெயபாலன் அந்த இடத்தில் வெள்ளையில் தன் பெயரை எழுதிவிடுவான். அதன்மேல் சிவப்பைப் பூசிவிடுவான். 'எங்கியாவது ஒண்ணு விழும்ணே. எவனாவது சொரண்டிப் பாப்பான். நான் உசுரோட இருந்தேன்னு தெரியும்' என்பான். பதினேழு விமானத்தில் எழுதினான்.

"பதினெட்டாவதுல வெள்ளை கொஞ்சம் தடிச்சுப்போச்சு. காலை வெயில் சாய்வா விழுந்தப்ப, சிவப்புக்கடியில எழுத்து மேடு தெரிஞ்சிச்சு. அதிகாரி கண்டுபுடிச்சிட்டான். எல்லாரையும் வரிசையா நிக்கவச்சான். மத்தவங்க சீனங்க, மலாய்க்காரங்க. தமிழ் எழுதத் தெரிஞ்சது நாங்க ரெண்டு பேருதான். என்னத்தான் மொதல்ல கேட்டான். வாள என் தோள்ல வச்சுக் கேட்டான்." அவர் தன் வலது கையைப் பார்த்தார். "அவன் பக்கம் கையக் காட்டிட்டேன்."

கூரைமேல் காக்கை ஒன்று நடக்கிற சத்தம் கேட்டது.

"அவன் பேருதானே எழுதியிருக்கு, நான் காட்டலன்னாலும் படிச்சுத் தெரிஞ்சுக்குவான்னு ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். ஆனா அங்க தமிழ் படிக்கத் தெரிஞ்ச ஜப்பான்காரன் ஒருத்தனும் இல்லம்மா. நான் வாயத் தொறக்காம இருந்திருந்தா, ரெண்டு பேரையும் அடிச்சிருப்பான். அடியோட போயிருக்கலாம். அவன மட்டும் கூட்டிட்டுப் போனான். மூணாம் நாள் ரப்பர் மரக் கித்தாக்காட்டு ஓரத்துல நாங்கதான் குழி வெட்டுனோம்."

ருக்மணி சந்தேகப்பட்டது ஒன்று, உண்மை இன்னொன்று. ஆனாலும் அவள் சந்தேகப்பட்ட அந்தச் சொல், காட்டிக்கொடுத்தவன் என்ற சொல், இந்த மனிதருக்குப் பொருந்தத்தான் செய்தது.

"இத்தன வருஷம் ஏன் வரல?"

"பயம். அப்புறம் வந்தன்னிக்கே சொல்லிடணும்னுதான் வந்தேன். நீங்க கதவத் தொறந்தீங்க. அதே நெத்தி, அதே மூக்கு. வாய்க்கு வந்தது, வாடகைக்கு ரூம் இருக்கான்னு கேட்டுட்டேன். கப்பல முடிச்சு ஒங்க முன்னால வச்சுட்டா, பேச்சு தானா வந்துடும்னு நெனச்சேன். அந்த எழுத்த அவன் கைமாதிரியே எழுதிப் பழகவே ஒரு மாசமாச்சு."

அவர் எழுந்து, சிவப்பு டப்பாவை எடுக்கக் கைநீட்டினார். எதற்கென்று அவருக்கே தெரிந்திருக்காது.

"அதப் பூசாதீங்க" என்றாள் ருக்மணி. "அப்படியே இருக்கட்டும். நீங்க எங்கூட ஒரு எடத்துக்கு வரணும்."

உமர் இறந்து இரண்டு வருஷமாகியிருந்தது. கடையை அவர் மனைவி நூர்ஜஹான் பார்த்துக்கொண்டிருந்தார். ருக்மணி படியேறியதும் மிளகாய் நிறுத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"என்ன வேணும்?"

"நூர்ஜஹான் அக்கா, இவரு ஒண்ணு சொல்லணும். கேட்டுடுங்க. அப்புறம் போன்னா போயிடுறேன்."

பொன்னுதுரை நின்றுகொண்டே சொன்னார். லோரியை, பின்பலகையைப் பிடித்த கையை, துப்பாக்கிக் கட்டையை, இரண்டாவது தடவை எழுந்து ஓடிவந்ததை. நூர்ஜஹான் முக்காட்டு நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு கேட்டார். முடிந்ததும் ருக்மணியைப் பார்த்தார்.

"இதத்தானே அவரு ஒங்க வாசல்ல வந்து நின்னு சொன்னாரு? ஒதடு கிழிஞ்ச வாயோட வந்து சொன்னாரே. ஒங்க வாப்பா செருப்பத் தூக்குனாரு."

"தெரியும்க்கா."

"ஒங்கம்மா மவுத்தானப்ப, மனசு கேக்காம வந்தாரு. ஒங்க வீட்டுக்காரரு வாசல் கேட்டுலயே நிறுத்தித் திருப்பி அனுப்பிட்டாரு. அன்னிக்கு வீட்டுக்கு வந்து சோறு திங்கல."

ருக்மணி கைகூப்பினாள். மன்னிப்பு என்ற சொல் தொண்டைவரை வந்தது. அதைக் காதால் கேட்க வேண்டியவர் கடையில் இல்லை என்பதால் சொல்லவில்லை.

"எங்கிட்ட சொல்லி என்னம்மா பிரயோஜனம்?" என்றார் நூர்ஜஹான். "எனக்குத்தான் தெரியுமே. நம்பாதவங்க தெரு நெறைய இருக்காங்க. எம்புள்ளைங்கள 'ஆள்காட்டி மவன்'னு கூப்பிட்டவங்க இருக்காங்க. அவங்ககிட்ட சொல்லச் சொல்லு."

அன்று சாயங்காலமே, வேலைவிட்டு ஆள்கள் திரும்புகிற நேரத்தில், கடை முன்னால் பொன்னுதுரை மறுபடி சொன்னார். அஞ்சலை வந்தாள், பக்கத்துக் கம்போங் குடியிருப்பிலிருந்து, தமிழ் மறந்து மலாயே பேசுகிற செட்டிகள் நாலைந்து பேர் வந்தார்கள். அவர்களுக்கு ராஜரத்தினம் மலாயில் எடுத்துச் சொன்னார். செருப்பு விஷயத்தையும், தான் வாசலில் தடுத்ததையும்கூட அவர் விடாமல் சொன்னார். பொன்னுதுரையோ தன் கை ஜெயபாலனைக் காட்டியதையும் சேர்த்துச் சொன்னார். யாரும் அதைக் கேட்கவில்லை, ஆனாலும் சொன்னார். சொல்லி முடித்தபோது ஒருவரும் அவர் பக்கத்தில் நிற்கவில்லை.

வியாழக்கிழமை அவர் தகரப் பெட்டியோடு மூவார் பஸ்ஸுக்குக் கிளம்பினார். விமானத்தை எடுத்துப்போகட்டுமா என்று கேட்டார். வேண்டாம், பெயர் இங்கேயே இருக்கட்டும் என்றாள் ருக்மணி.

"ஒங்க அண்ணன் காரியத்துக்கு நான் வரலாமாம்மா?"

அவள் யோசித்தாள். பதினைந்து வருஷத்துக்குப் பிறகு அண்ணன் எங்கே கிடக்கிறான் என்று தெரிந்தது இந்த மனிதரால்தான். கிடப்பதும் இவரால்தான்.

"வேணாம்" என்றாள். "கடுதாசி போடுங்க. அந்தக் கித்தாக்காடு எந்தப் பக்கம்னு வரஞ்சு அனுப்புங்க."

அவர் தலையாட்டினார். வரைபடம் ஒரு வாரத்தில் தபாலில் வந்தது, ஓரடிக்கு எத்தனை என்ற கணக்கோடு.

அமாவாசையன்று கிளேபாங் கடற்கரையில் ஜெயபாலனுக்குக் காரியம் செய்தார்கள். ராஜரத்தினம் எள்ளும் தண்ணீரும் இறைத்தார். ருக்மணி முழங்காலளவு தண்ணீரில் நின்று மாலையை விட்டாள். அலை அதை இரண்டு தடவை கரைக்கே தள்ளியது. மூன்றாம் தடவை உள்ளே போனது. போன திசையையே பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றாளோ தெரியாது. அண்ணன் வருவானா என்று இனி யாரும் வாசலைப் பார்க்க வேண்டியதில்லை என்று தோன்றியபோதுதான் அழுகை வந்தது.

பின்னால் மணலில் யாரோ வருகிற சத்தம் கேட்டுத் திரும்பினாள். நூர்ஜஹான் வந்திருந்தார், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு. தண்ணீர் தொடாத இடத்தில் நின்றார்.

"சேல நனையுது பாரு" என்றார். "மேல ஏறி வா."